ரெண்டு ரம்பம்

“பொண்டாட்டி கையில மிஷினைக் குடுத்துட்டு, இவன் ஹாயா கதை பேசினு கீறான் பாரு!”

லோகநாதனுக்குக் கோபம் தாங்கவில்லை. கள்ளிக்குப்பம் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் அவர்தான்.

மழைக் காற்றில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று தெருவை அடைத்து விழுந்திருந்தது. ஸ்கூல் வேன் உள்ளே வர வழியில்லை. அறுக்க வந்த ரூபஸ், இருபதடி தள்ளி டீக்கடை வாசலில் நின்றுகொண்டான். அவன் மனைவி எவாஞ்சலின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சங்கிலி ரம்பத்தின் கயிற்றைச் சுண்டி இழுத்தாள்.

ட்ர்ர்ர்...

“ஏம்மா, உனக்கு இன்னா தெரியும், நவுரு...” என்று கிளம்பினார் லோகநாதன்.

ரூபஸ் குறுக்கே வந்தான். “அண்ணாத்தே, இந்த ரம்பத்தை மொத மொதல்ல எதுக்குக் கண்டுபுடிச்சாங்க தெரியுமா?”

“மரம் அறுக்கத்தான்!”

“அதான் இல்ல. பிரசவத்துக்கு!”

லோகநாதன் அப்படியே நின்றுவிட்டார்.

“இருநூறு வருஷத்துக்கு முன்னால ஸ்காட்லாந்து டாக்டருங்க செஞ்சது. கொழந்தை மாட்டிக்கினா, தாயோட இடுப்பெலும்பை அறுக்க, பல்லு வெச்ச சின்ன சங்கிலி. கையாலயே இழுக்கணும்.”

“யம்மாடி!” மூன்று பிள்ளை பெற்ற சுரேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் ரூபஸைச் சுற்றிக்கொண்டது.

பக்கத்து வீட்டுத் தமிழரசு மட்டும் மரத்தின் பக்கம் நகர்ந்தான். “யக்கா, அந்தக் கிளையை மொதல்ல...”

“மாமே, புழு கதை கேட்டியா?” அவன் தோளில் கை போட்டுத் திருப்பினான் ரூபஸ். “அமெரிக்காவுல மரம் வெட்டுற ஆளு ஒருத்தரு, மரத்தைக் குடையுற புழுவைப் பாத்தாரு. இடது வலதுன்னு மாறி மாறிக் கடிக்குது. அதே மாதிரி சங்கிலிக்குப் பல்லு வெச்சாரு. இன்னிக்கும் அதே பல்லுதான்!”

அப்புறம், ரெண்டு ஆள் தூக்க வேண்டிய ஜெர்மன் மிஷின் கதை. கை அதிராமலிருக்க ரப்பர் வைத்த பிடி. மிஷின் துள்ளினால் சங்கிலியை நிறுத்தும் பிரேக்.

“அவ மரத்தை அறுக்குறா, இவன் நம்மளை அறுக்குறான்!” என்று பல்லைக் கடித்தார் லோகநாதன். ஆனாலும் நகரவில்லை. “பிரேக்கு எப்டிப்பா புடிக்கும்?” என்று கேட்டதும் அவரேதான்.

சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால், மரம் துண்டு துண்டாகக் கிடந்தது. நடுவில் வேன் போக வழி.

லோகநாதன் எவாஞ்சலினிடம் போனார். “நீ மகராசிம்மா. ஆனா இப்டி ஒரு சோம்பேறியைக் கட்டிக்கினு எப்டிம்மா குடும்பம் நடத்துற?”

அவள் முழுக்கைச் சட்டையின் கையை மடித்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தையல் தழும்பு.

“போன வருஷம் சென்னீர்குப்பத்துல, சார். ‘பொம்பளைக்கு இதெல்லாம் ஆவுமா’ன்னு பத்து பேரு சுத்தி நின்னுகினு ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. ஒருத்தரு மிஷினைப் புடுங்கவே வந்துட்டாரு.”

டீக்கடையில் ரூபஸ் தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“அன்னிலேர்ந்து போன்ல தேடித் தேடி இந்தக் கதையெல்லாம் படிச்சு வெச்சிருக்காரு, சார். மரத்தை நான் பாத்துக்குறேன். உங்களையெல்லாம் அவரு பாத்துக்குறாரு.”