ஒரு முழம் தள்ளி

“மாமா, பெரிய கேமராவிலயே எடுக்கட்டும் மாமா,” என்று சங்கரி மறுபடியும் கெஞ்சினாள்.

மட்டாஞ்சேரியில் மஞ்சுஷாவின் ஸ்டுடியோ மேசைமேல் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம். மற்றது சின்ன சென்சார். ஞாயிற்றுக்கிழமை சங்கரியின் கல்யாணத்துக்கு எதில் படம் எடுப்பது என்று தாய்மாமன் ரமேஷ்பாபு சொல்ல வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் அவர்தான் சொல்வார்.

“நீ கேட்டா அது வேண்டாத சாமானாத்தான் இருக்கும். ஃபுல் ஃப்ரேம் எதுக்குடி? வர்றது ராஜகுமாரனா? இங்க பிராட்வேயில சாயா ஆத்துற பாண்டி. பேருலயே பாண்டி.”

மாப்பிள்ளை பெயர் சங்கிலிப்பாண்டி. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வருகிறவர்களை இந்த ஊர் இளக்காரமாகக் கூப்பிடுவதும் பாண்டி என்றுதான். ரமேஷ்பாபுவின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அதை அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை.

“அந்த ஜனத்தோட ஒட்டி நின்னு படம் எடுக்கச் சொல்லாதே. தாய்மாமன்னு ஒரு முறைக்கு நிப்பேன். ஒரு முழம் தள்ளித்தான் நிப்பேன்.”

சங்கரியின் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர் மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதைச் சொல்லியிருந்தார். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

மஞ்சுஷா சுவரில் முதுகை ஒட்டி நின்று பெரிய கேமராவில் ஒரு படம் எடுத்தாள். சங்கரி, பக்கத்து நாற்காலி, ஓரத்தில் சாய்த்து வைத்த குடை எல்லாம் விழுந்திருந்தன. அதே லென்ஸைக் கழற்றிச் சின்னதில் மாட்டி, அதே இடத்தில் நின்று எடுத்தாள். குடையைக் காணோம்.

“சின்ன சென்சார்ல ஓரம் போகும் சேட்டா. உங்க வீட்டு ஹால்ல எனக்குப் பின்னால தள்ளி நிக்கவும் இடமில்ல. வேணும்னா வைட் லென்ஸ் மாட்டலாம்.”

“வைட் வேண்டாம் சேச்சி,” என்று சங்கரி அவசரமாகக் குறுக்கிட்டாள். “ஓரத்துல நிக்கிறவங்க முகம் இழுபட்டுத் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க.”

ரமேஷ்பாபு சிரித்தார். “இழுபட்டா என்ன, விழாமலே போனா என்ன? அவன் ஊர்க் கூட்டத்துல நாலு பேர் போனா கல்யாணம் நின்னுடுமா? பாண்டிக் கல்யாணத்துக்கு இந்தச் சின்னது மதி, இந்த லென்ஸே போதும். இதுலதான் எடுக்கணும், மஞ்சுஷா. இவ அழுதாலும் மாத்தக் கூடாது.”

சங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மஞ்சுஷாவுக்கு மனசு கேட்கவில்லை. “விஷமிக்காதே மோளே, வருத்தப்படாதே. அவருக்கு எந்தக் கேமரான்னு தெரியவா போகுது? நான் பெருசுலயே எடுத்துத் தர்றேன்.”

சங்கரி நிமிர்ந்தாள். கண்ணில் ஈரம் எதுவும் இல்லை.

“ஐயோ வேண்டாம் சேச்சி. ஒரு முழம் தள்ளி நிக்கப் போறது மாமா மட்டுந்தான்.”