வாக்கியத்தில் அமைத்து எழுதுக

ஹான் சாருக்கு தினம் ஓர் ஆங்கிலச் சொல். இயந்திரங்களோடு கொரியாவிலிருந்து வந்து இறங்கிய மேலாளர் அவர். காலையில் அரைமணி நேரம் பாடம், அதற்கப்புறம்தான் உற்பத்தி. இன்றைய சொல்லை அவரே தேடிக் கொண்டுவந்திருந்தார்: 'மெய்ம்' (maim).

"காயம் ஆறிடும் சார். இது ஆறாது. உறுப்பே போயிடும்," என்று ஆசிரியை ஜெசிந்தா ஆங்கிலத்தில் விளக்கினாள். ஹான் அதைக் கொரிய எழுத்தில் குறித்துக்கொண்டு ஏழு முறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு பிரமாதம்.

நேற்று தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்த தணிகாசலம், கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். விபத்து அறிக்கையில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். தவறு அவருடையது என்றால் வேலை போய்விடும்.

ஹான் அறிக்கையில் புதுச் சொல்லை வைத்தே வாக்கியம் அமைத்தார்: 'தணிகாசலம் இயந்திரத்தை மெய்ம் செய்தார்.'

"மாத்தி எழுதிட்டீங்க சார். இயந்திரம்தான் அவரை..." என்றாள் ஜெசிந்தா, ஆங்கிலத்திலேயே.

"இயந்திரம் நாலு மணி நேரம் நின்றுவிட்டது. இலக்கணம் சரியா, சொல்லுங்கள்."

இலக்கணம் சரிதான். ஜெசிந்தா சிவப்பு மையில் டிக் போட்டாள்.

"என்ன மிஸ் எழுதியிருக்காரு?" என்றார் தணிகாசலம்.

"நீங்கதாண்ணே எழுவாய்."

"எழுந்துருவேன்னா போட்டிருக்காரு? தங்கமான மனுசன் மிஸ்," என்று அவர் இடது கையால் பேனாவை வாங்கினார்.