வெயில் கையுறை

சைகோனில் எலக்ட்ரானிக்ஸ் தொடக்க வகுப்பின் முதல் நாள். ஆசிரியர் குவாங் ஒரு பேட்டரியையும், துளி கரண்டுக்கும் கத்தும் பஸ்ஸரையும் எடுத்து வைத்தார்.

"எல்லாரும் வட்டமா கை கோத்துக்குங்க. நம்ம உடம்புதான் ஒயர். கரண்ட் சுத்தி வந்தா பஸ்ஸர் கத்தும். வெறுங்கை தொடணும், கையுறையைக் கழட்டிடுங்க."

பைக்கில் வந்த பெண்கள் வெயிலுக்குப் போட்டிருந்த நீளக் கையுறைகளை உருவினார்கள். தோவா மட்டும் வலது கையுறையைக் கழட்டியதோடு நிறுத்திக்கொண்டாள்.

"கூரைக்குக் கீழயும் வெயிலா தங்கச்சி?" என்றாள் இடப்பக்கம் நின்ற துயெட்.

எல்லோரும் சிரித்தார்கள். வட்டத்தில் அந்த ஓர் இடைவெளிதான் பாக்கி.

"நான் சும்மா பாக்குறேன் சார்." என்றாள் தோவா.

"சின்ன பேட்டரிம்மா. ஒண்ணும் ஆகாது."

துயெட் குனிந்து கேட்டாள். "ஷாக் அடிச்சிடும்னு பயமா?"

"கரண்ட் பாயாதுன்னுதான் பயம் அக்கா."

தோவா கண்ணை மூடிக்கொண்டு இடது கையுறையை உருவினாள். முழங்கைக்குக் கீழே, நகம் வரைக்கும் பிளாஸ்டிக்.

துயெட் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முழங்கைக்கு மேலே, சதையில் அழுத்திப் பிடித்தாள்.

பஸ்ஸர் வீறிட்டது. தோவா துள்ளினாள்.

"ஆடாம நில்லு," என்றாள் துயெட். "கையை விட்டா நின்னுடும்."