கன்னத்தில் ஒதுக்கிய தழை

மலைப்பாதை வளைவில் ஒரு குரங்கு இருந்தது. கார்க்காரர்கள் வீசும் சிப்ஸ்தான் அதற்குச் சாப்பாடு. மரத்தில் தளிர் தின்னும் கருமந்தியைத் தினமும் "ஏ தழைதின்னி" என்று கேலி செய்யும்.

ஒருநாள் ஒரு நாய் குரங்கைத் துரத்தியது. தொந்தி மரமேற விடவில்லை. கருமந்திதான் கையைப் பிடித்து மேலே இழுத்து, ஒரு கொத்துத் தழையை நீட்டியது.

"இனிமே இதைத் தின்னு மாமா. இல்லேன்னா அடுத்த தடவை நாய்க்கு நீதான் சிப்ஸ்."

குரங்கு தழையை மென்றது, துப்பியது, நாயை நினைத்து விழுங்கியது.

பத்தாம் நாள் கருமந்தி வந்து பார்த்தால் கீழ்க்கிளை மொட்டை.

"யாரு மாமா தின்னது?"

"எனக்கென்ன தெரியும்? எந்தக் கழுதையோ."

சொல்லும்போதே குரங்கின் வாயோரம் பச்சைச் சாறு வழிந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

கருமந்தி சிரிக்கவில்லை. மேல்கிளையை வளைத்துக் கொடுத்தது. குரங்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றது.