வாசல் பழக்கம்

இத்தியேல் மறுபடியும் மெசூசாவைத் தொட்டு, விரலை முத்தமிட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"கட்," என்றாள் இயக்குநர் ருஹாமா. "டேய், நீ கடிக்க வந்தவன்டா. ஜெபம் பண்ண வந்தவன் இல்ல."

எங்கள் ஹீப்ருத் தொடரில் அவன்தான் ரத்தக்காட்டேரி. செத்துப்போனவன், பசியோடு தன் அக்கா வீட்டுக்கே திரும்பி வருகிறான். அந்த முதல் காட்சி.

வெளியூர்க் காட்டேரிகளைச் சிலுவையை வைத்து அடையாளம் காண்பார்கள். யூதர்களான எங்களுக்கு வாசல் நிலையில் அறைந்திருக்கும் மெசூசா. விரல் நீளக் கூடு, உள்ளே வேத வரிகள் எழுதிய தோல்சுருள். தொட்டு முத்தமிட்டு நுழைந்தால் மனிதன். தொடாமல் நுழைந்தால் காட்டேரி.

இந்த விதியைக் கதையில் எழுதியவள் நான்தான்.

"எனக்குத் தெரியாமலே கை போகுது," என்றான் இத்தியேல். "யோம் கிப்பூர் விரதத்தன்னிக்கே பீட்சா தின்னவன் நான். எனக்கு ஏன் இப்படி?"

எனக்கும் அதுதான் ஆச்சரியம். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கால் படியைத் தொடும் முன்பே கை கிளம்பிவிடுகிறது. பைக்குள் கைவிட்டு நடக்கச் சொன்னோம். வாசலில் கை தானாக வெளியே வந்தது.

கூட்டைக் கழற்றிவிடலாமா என்று வீட்டுக்கார அம்மா யெமிமாவிடம் கேட்டோம்.

"கழட்டணும்னா உங்க காட்டேரியைக் கழட்டுங்க," என்றாள். முற்றத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். இரண்டு கையிலும் மாவுத் தட்டு இருந்தாலும், ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தொட்டுவிட்டுத்தான் நுழைவாள்.

வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்தால் சப்பாத், வேலை செய்யக் கூடாத ஓய்வுநாள். கேமராவை மூடியாக வேண்டும். இன்று காட்சி சரியாக வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேறு நடிகன் வருவான் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். இத்தியேலுக்கு இதுதான் முதல் பெரிய வேஷம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவன் வீட்டுக்குள்ளிருந்து பின்னோக்கி நடந்து வெளியே போகட்டும். பிறகு படத்தைத் தலைகீழாக ஓட்டினால் உள்ளே வருவதுபோல இருக்கும். நடையிலும் உயிரில்லாத ஒரு கோணல் தெரியும். நேராக நுழையாதபோது பழக்கம் எங்கிருந்து வரும்?

அவன் பின்னோக்கி நடந்தான். படியைத் தாண்டினான். கை எழுந்தது. தொட்டான், விரலை முத்தமிட்டான்.

வெளியே போகும்போதும் நாங்கள் தொடுகிறவர்கள். அதை நான் மறந்துபோயிருந்தேன்.

ருஹாமா சேனலுக்குப் பேசக் கைபேசியை எடுத்தாள். இத்தியேல் கோரைப்பற்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.

எடுத்ததை வீணாக்குவானேன் என்று நான் தலைகீழாக ஓட்டிப் பார்த்தேன்.

திரையில் அவன் முற்றத்திலிருந்து வாசலுக்கு வருகிறான். விரல்கள் உதட்டில் இருக்கின்றன. உதட்டிலிருந்து எதையோ மெல்லப் பிரித்தெடுக்கிறான். அதைக் கொண்டுபோய் மெசூசாவில் வைக்கிறான். வைத்துவிட்டு, வெறுங்கையைத் தொங்கவிட்டபடி உள்ளே நுழைகிறான்.

பிறந்ததிலிருந்து வாசல்களில் வாங்கிய முத்தங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவனைப்போல.

ருஹாமா கைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள். "இன்னொரு தடவை ஓட்டு."

ஓட்டினேன்.

"இத்தியேல்," என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஞாயித்துக்கிழமை காலைல நேரத்தோட வந்து சேரு."

எங்கள் பின்னால் யெமிமா நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவள் திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள்.

கையில் தட்டு ஏதும் இல்லை.

வாசலில் ஒரு கணம் நின்றாள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவளைப்போல இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல் உள்ளே போனாள்.