ஐந்தாவது எலுமிச்சை

கணவர் குற்றாலிங்கத்தின் அஸ்திக் கலயத்தை முன்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டிவிட்டு, கடலில் கரைக்கச் சண்பகமே காரை ஓட்டிப் போனாள். பாதி வழியில் டயர் பஞ்சரானது. பஞ்சர் கடைக்காரர் டிக்கியிலிருந்து ஸ்டெப்னியைத் தூக்கி, அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். “ரோட்டோராவா? கேள்விப்பட்டதே இல்லயேக்கா. கடல் வரைக்கும் தாங்குமா?” இதையே கேட்டு அவளும் கணவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள். ஊர் பேர் தெரியாத டயராகத் தேடி வாங்குவதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம். “பேரையா ஓட்டப் போறோம்? உருண்டா போதும்ளா” என்பார். இவற்றை வாங்கி மாட்டிய அன்றைக்கு நான்கு புது டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியவர், ஸ்டெப்னிக்கு அடியிலும் ஒன்றை வைத்தார். “இதுக்கு மட்டும் இல்லன்னா கோவிச்சுக்கிடும்.” அந்தப் பழம் கறுத்துச் சுருங்கி இன்னும் டிக்கியில் கிடந்தது. கடைக்காரர் அதை எடுத்து எறியப் போனார். “அத இங்க குடுங்கண்ணே” என்று வாங்கி, மாட்டிய டயருக்கு முன்னால் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். மெல்ல நகர்த்தினாள். காய்ந்த பழம் நொறுங்கும் சத்தம் லேசாகக் கேட்டது. சாலைக்கு வந்து, கொஞ்ச தூரம் போன பிறகு, பக்கத்துச் சீட்டைப் பார்க்காமலே சொன்னாள். “உருளுதுங்க.”