ஒரே தேதிக் காய்ச்சல்

இரண்டு மணி நேரமாக நண்டுச் சதை எடுக்கும் ஷெட்டில் யாரும் ஓடு உடைக்கவில்லை. ஐஸ் உருகித் தரையில் சொட்டுகிறது. மண்டபம் ஊரிலிருந்து வேனில் வரும் ஒன்பது பெண்கள் நீலத் தொப்பியைக் கழற்றாமல் நிற்கிறார்கள். அடிக்கடி மட்டம் போடுகிறார்கள் என்று இன்றோடு அவர்களை நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார் முதலாளி. கணக்குப் பார்க்கும் ஜுமானா, மேலாளர் லத்தீபாவுக்காகச் சுவரில் இரண்டு தாள்களை அருகருகே ஒட்டுகிறாள். ஒன்றில் வராத நாள்களுக்குச் சிவப்புப் புள்ளிகள். மற்றதில் அவர்கள் அவளிடம் சொன்ன காரணங்கள், சொன்னபடியே: காய்ச்சல், பல்வலி, மாமியாருக்கு முடியல. புள்ளிகளை மட்டும் பார்த்தால் சோம்பலாகத் தெரிகிறது. பேச்சை மட்டும் கேட்டால் நோயாகத் தெரிகிறது. ஜுமானாவின் விரல் ஒரு தாளிலிருந்து மற்றதற்குப் போய் அங்கேயே நிற்கிறது.

"மாசம் ரெண்டு நாள்க்கா, அதே தேதிக. ஒம்போது பேரும் சேந்து வரல. மத்த நாள் ஒருத்தரும் லீவே போடல," என்கிறாள், சுவரைப் பார்த்தபடியே.

லத்தீபாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "பல்வலியும் காய்ச்சலும் தேதி பேசி வச்சுக்கிட்டு வருதாக்கும்." பெண்கள் வரிசையில் யாரோ முகத்துணிக்குள் சிரிக்கிறார்கள். "காரணத்தச் சொல்லாட்டியும் பரவாயில்ல. அந்த ரெண்டு நாளும் ஒங்களுக்கு லீவு. பதிலுக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம வந்துருங்க. யாரையும் நிறுத்தல, முதலாளிக்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நிஷாந்தி தொப்பியைக் கழற்றுகிறாள். வியர்த்த நெற்றியில் முடி ஒட்டியிருக்கிறது.

"நாங்க அகதி முகாம் ஆளுகக்கா, தெரிஞ்சா வேல தரமாட்டீகன்னுதான் சொல்லல. அந்த ரெண்டு நாளும் அங்கன அதிகாரிக பேர் கூப்புடுவாக, ஆளு இல்லாட்டி உதவிப்பணத்த நிறுத்திருவாக."